கத்தரிப்பூ நிறம் வந்தால் தோணி

அழகரத்தினத்திடம் யார், எந்த நேரத்தில் நலம் விசாரித்தாலும், அவர் வலக்கையை நெஞ்சில் வைத்து, “ஒரு குறையும் இல்ல” என்று சொல்வார். பல்வலியால் கன்னம் வீங்கியிருந்த நாளிலும் அப்படியே சொன்னார். சொல் சற்றுத் தடித்து வந்ததே தவிர, பொருள் மாறவில்லை. கடல் ஊருக்குள் வந்து, அவருடைய முதல் தோணியைத் தூக்கிப் புளியமரக் கவட்டில் செருகிவிட்டுப் போனபோதும் சொன்னார். பின்னர் சண்டை வந்தது. ஊரோடு எழுந்து ஓடி, முகாம் முகாமாய் இருந்து, திரும்பி வந்து பார்த்தபோது இரண்டாவது தோணி சல்லடையாய்க் கிடந்தது. அதன் ஓட்டைகள் வழியே வாவியைப் பார்த்தபடி அன்றும் அதையே சொன்னார்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு நாடாவைப்போல் ஒடுங்கிக் கிடந்த அந்தச் சிற்றூரில் இது பெரிய தகுதியாக மதிக்கப்பட்டது. சண்டை முடிந்த பிறகு வந்து சேர்ந்த நிறுவனம் ஒன்று, மீனவர் மூவருக்கு ஓர் இயந்திரத் தோணி என்று அறிவித்தது. மூவரில் ஒருவர் தலைவராக வேண்டும் என்றபோது, கூட்டாளிகள் இருவரும் யோசியாமல் அழகரத்தினத்தைக் காட்டினார்கள்.

“தலையில இடி விழுந்தாலும் குறையில்ல எண்டு சொல்ற மனிசன். அவருக்கிட்டக் குடுத்தாத் தோணி பத்திரமா இரிக்கும்” என்றான் இளைய கூட்டாளியான சுபாகரன்.

“ஓம், ஓம்” என்றார் மூத்த கூட்டாளியான வேலப்போடி.

மூவருக்கும் அப்போது இருந்தது ஒட்டுப் போட்ட ஒரு பழைய மரத்தோணி. அதில் ஒருவர் ஏறினால் மிதக்கும். இருவர் ஏறினால் யோசிக்கும். ஆகவே ஒருவர் தண்ணீரில் இருக்க, மற்ற இருவர் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று அடுப்புகளும் முறை வைத்தே எரிந்தன. மாரிக்கு முன் புதுத் தோணி வந்தால் இறால் காலம் கைக்குள் வரும்; வராவிட்டால் இன்னொரு வருடமும் கரைதான்.

அந்தத் தோணிக்கு முன்னோடியாகத்தான் ஒரு சின்னப் போத்தல் வந்து சேர்ந்தது.

அதைக் கொண்டுவந்தவள் நிறுவனத்தின் வெளிக்கள அலுவலர் நிருஷா. மட்டக்களப்பு நகரத்துப் பெண். ஸ்கூட்டரை வேலியோரம் நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, போத்தலைத் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்தாள்.

“இதுக்குள்ள என்ன ஊத்தவேணும் மகள்?” என்று கேட்டார் அழகரத்தினம்.

“சிறுநீர், அங்கிள்.”

“ஆர்ர?”

“உங்கடதான்.”

அழகரத்தினம் தேநீர்க் கோப்பையைச் சற்றுத் தள்ளி வைத்தார். “தோணிக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

நிருஷா பொறுமையாக விளக்கினாள். கடலையும் சண்டையையும் பார்த்த மனிதர் நடுத்தண்ணீரில் மனம் உடைந்து எஞ்சினை விட்டுவிடக்கூடும். ஆகையால் மனம் தெளிந்த தலைவர் உள்ள குழுவுக்கே தோணி என்பது மேலிடத்து முடிவு. மனம் தெளிந்ததா என்று வாயால் கேட்டால் எல்லாரும் தெளிந்ததென்றே சொல்வார்கள். அதனால் இந்த வழி.

“மூளையில ஒரு நரம்பு மத்த நரம்புக்குச் செய்தி அனுப்ப ஒரு தூதுப்பொருள் சுரக்கும், அங்கிள். வேலை முடிஞ்சதும் அது கரைஞ்சு சிறுநீரோட வந்திரும். மருந்து பூசின இந்தக் கடதாசியை அதில நனைச்சா, கத்தரிப்பூ நிறம் வரவேணும். வந்தா மனம் நல்லா இருக்கு. வராம மஞ்சளா நிண்டா மனசுக்குள்ள கவலை.”

“அப்ப தபால்காரன் காகிதத்தக் குடுத்திட்டு வெளிய போற வாசல் அதுதானா?” என்று கேட்டான் சுபாகரன்.

நிருஷா சிரிக்காமலிருக்க முயன்று, அடுத்த கேள்விக்குப் போனாள். “உங்கட இழப்புகள் என்னென்ன அங்கிள்?”

“தோணி ரெண்டு. வலை நாலு. எஞ்சின் ஒண்டு.”

“என்ட தங்கச்சி” என்றார், கோப்பைகளை எடுக்க வந்த அழகரத்தினத்தின் மனைவி மங்கையற்கரசி.

நிருஷாவின் பேனா நின்றது. “எப்ப அன்ரி?”

“கடல் வந்த அண்டைக்கு. இந்த வேலிக்கு அங்கால இரிந்துதே, அவட வீடு. அம்மா எங்க ரெண்டு பேருக்கும் பிரிச்சுத் தந்த வளவு.”

நிருஷா கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தாள். “இது கடற்றொழில் இழப்புக்கான கேள்வி, அன்ரி. மத்ததுக்கு வேற ஆக்கள் வருவாங்க.”

“வரட்டும்” என்று சொல்லிவிட்டு, மங்கையற்கரசி கோப்பைகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குள் போனார்.

புறப்படும்போது நிருஷா ஓர் எச்சரிக்கை செய்தாள். “சோதனைக்கு முதல் நாள் வாழைப்பழம் மட்டும் சாப்பிடாதீங்க அங்கிள். சாப்பிட்டா, மனம் எப்பிடி இருந்தாலும் கத்தரிப்பூ நிறம் வந்திரும்.”

மறுநாட் காலை அழகரத்தினம் அந்தப் போத்தலோடு வாவியோரக் கண்டல் பற்றைக்குள் போனார். வாழ்நாள் முழுவதும் எல்லையற்ற வெளியில் செய்து பழகிய காரியத்தை விரலளவு வாய்க்குள் அடக்குவது எளிதாயிருக்கவில்லை. கையையும் காலையும் கழுவிக்கொண்டு வந்து, போத்தலைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, தம் முறைக்கு மரத்தோணியில் வலைக்குப் போனார். போகும்போது நிருஷாவின் எதிர்காலத் தேநீருக்காக நல்ல பாலாய் வாங்கி வைக்கும்படி மனைவியிடம் சொல்லவும் மறக்கவில்லை.

மத்தியானம் அவர் திரும்பியபோது நிருஷா முற்றத்தில் நின்றாள். கையில் கடதாசி. கூட்டாளிகள் இருவரும் இரு பக்கமும் நின்று அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மஞ்சள்” என்றான் சுபாகரன், மரணச் செய்தி சொல்வதுபோல.

“பழைய வேட்டிட நிறம்” என்றார் வேலப்போடி.

“உங்களுக்கு உள்ளுக்குள்ள கவலை இருக்கு அங்கிள்” என்றாள் நிருஷா கனிவாக.

“எனக்கா? எனக்கு ஒரு குறையும் இல்லையே!”

“அதுதான் அங்கிள் அறிகுறியே. மனிசர் மறைப்பாங்க. சிறுநீர் மறைக்காது.”

நீரில் தன் நிழல் நெளிவதைப் பார்த்த கொக்கு ஒன்று, தனக்கு நடுக்கல் காய்ச்சல் கண்டுவிட்டது என்று போய்க் கூட்டில் படுத்துக்கொண்டதாம். காற்று அடங்கி, நீர் தெளிந்து, நிழல் நேராக நின்ற பிறகும் அது எழும்பவில்லையாம். அதற்குள் உண்மையாகவே காய்ச்சல் வந்துவிட்டது. அழகரத்தினமும் அந்தக் கடதாசியை வெகுநேரம் பார்த்தார். பின்னர் வாவியைப் பார்த்தார். பின்னர் ஒரு பெருமூச்சு விட்டார். அவருக்கு அது புதிய பழக்கம்; ஆயினும் நன்றாகவே வந்தது.

“அந்தக் கடதாசி பொய் சொல்லாதா மகள்?” என்று குசினி வாசலில் நின்று கேட்டார் மங்கையற்கரசி.

“சொல்லாது அன்ரி.”

“கவலையெண்டு வந்தா என்ன செய்யவேணும்?”

“பக்கத்தில இருந்து ஆராவது கதைக்கவேணும். வேலையைக் குறைக்கவேணும். பிடிச்சதைச் சமைச்சுக் குடுக்கவேணும்.”

மங்கையற்கரசி அதை மனத்தில் வாங்கிக்கொள்பவர்போல் தலையசைத்தார். பிறகு போய் அடுப்பை மூட்டினார்.

இன்னும் சோதனைகள் உண்டு என்பதும், வடகரையில் வேறொரு குழு அதே தோணிக்குக் காத்திருக்கிறது என்பதும் நிருஷா சொல்லிவிட்டுப் போன செய்திகள். அவள் ஸ்கூட்டரின் சத்தம் ஓயுமுன் சுபாகரன் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டான்.

“அண்ணன இனித் தனிய விடப்படாது. சந்தோசத்த நாம கொண்டந்து குடுக்கணும்.”

அன்று பின்னேரம் முதல் அழகரத்தினத்தின் முற்றம் திருவிழாக் களமாயிற்று. கூட்டாளிகள் வந்தார்கள், கூட்டாளிகளின் குடும்பங்கள் வந்தன, குடும்பங்களைத் தேடிக்கொண்டு அயலார் வந்தார்கள். ஒரு பக்கம் சீட்டாட்டம். ஒரு பக்கம் சுபாகரன் வடமோடிக் கூத்தில் ராசா வேடம் போட்டு, தலையணை உறையைக் கிரீடமாக்கிக்கொண்டு, நடு முற்றத்தில் சுழன்று சுழன்று ஆடினான். அடுப்பை விட்டுக் கேத்தல் இறங்கவில்லை. ஆடியவர் களைத்தார், பார்த்தவர் களைத்தார். களைத்த எல்லாருக்கும் பிட்டும் மீன்குழம்பும் வேண்டியிருந்தன.

“சிரிங்க அண்ணன்!” என்று ராசா அடிக்கடி கட்டளையிட்டார்.

அழகரத்தினம் கடமையுணர்வோடு சிரித்தார். பின்னர் தாம் சிரித்தது போதுமா என்று கவலைப்பட்டார்.

அடுத்த முறை கடதாசி முன்னதைவிட வெளிறியிருந்தது.

“கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா?” என்று கேட்டார் அழகரத்தினம்.

“நிறம் குறைஞ்சிருக்கு அங்கிள்.”

சுபாகரனுக்கு ரோசம் வந்தது. “நான் ராசாவா ஆடினது இந்த மனிசன்ட மனசக் குறைச்சிட்டுதா?”

“உன்ட பாட்டைக் கேட்டு வாவியில மீனே குறைஞ்சு போச்சு. மனசு எம்மாத்திரம்?” என்றார் வேலப்போடி. “விசயம் அதில்ல. ஆடிப் பாடிப் போற கவலையில்ல இது. உள்ளுக்க ஒரு பழி கிடந்து அரிக்குது. அழகரத்தினம், ஆருக்கும் அநியாயம் செஞ்சிரிக்கீங்களா?”

அழகரத்தினம் தமது ஐம்பது வருட வாழ்க்கையைக் கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுவதுபோல் துழாவினார். கடைசியில் ஒன்று அகப்பட்டது. ஏறாவூர் மீன் வியாபாரி மர்சூக்கைப் பற்றி, சந்தையில் பலர் கேட்க, “அவன்ட மீனைவிட அவன்ட ஐஸுக்கு வயசு கூட” என்று ஒருநாள் சொல்லியிருந்தார். அன்று முதல் மர்சூக் இறாலைத் தெருவில் நின்று வாங்குவாரேயன்றி, வளவுக்குள் கால் வைப்பதில்லை.

“அதுதான்!” என்றார் வேலப்போடி. “அந்த ஐஸ்தான் உங்கட மனசுக்க கரையாமக் கிடக்கு.”

மறுநாள் மர்சூக்கின் மோட்டார் சைக்கிள் தெருவில் வந்து நின்றதும், அழகரத்தினம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மர்சூக் தம்பி, அண்டைக்குச் சந்தையில உங்கட ஐஸப் பத்திச் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்க.”

மர்சூக் திடுக்கிட்டார். “என்ன அண்ணன், ஆராவது மௌத்தாப் போயிட்டாங்களா?”

“இல்ல. என்ட மூத்திரம் மஞ்சளாப் போச்சு.”

மர்சூக் சற்றுச் சிந்தித்தார். “அதுக்கு ஆசுபத்திரிக்கெல்லவா போகோணும்? எனக்கிட்ட ஏன் வாறீங்க?”

சுபாகரன் முழுக்கதையையும் சொன்னான். கேட்கக் கேட்க மர்சூக்கின் முகம் இளகியது. அவர் அழகரத்தினத்தைக் கட்டிப்பிடித்தார்.

“உண்மையச் சொன்னா, நீங்க சொன்னதில பிழையே இல்ல அண்ணன். அண்டைக்கு ஐஸ் பழசுதான். அல்லாவுக்காக, அத நானும் மறந்திட்டன், நீங்களும் மறந்திருங்க. வாற கிழம குடும்பத்தோட உங்கட வீட்டுக்கு வாறன். ஒண்டா இருந்து சாப்பிடுவம்.”

குடும்பத்தோடு என்றால் மர்சூக்கின் கணக்கில் பெரியப்பன் பிள்ளைகளும் அடக்கம். விருந்தன்று இரண்டு ஓட்டோக்கள் வந்தன. மங்கையற்கரசி புதுச் சட்டி வாங்கி, மீனும் இறாலும் நண்டுமாய்ச் சமைத்திருந்தார். மர்சூக் கரடியனாற்றுத் தோட்டமொன்றிலிருந்து ஒரு முழு வாழைக்குலை கொண்டுவந்தார்; இதரைப்பழம்; பொன்னாய்ப் பழுத்திருந்தது.

அதைக் கண்டதும் சுபாகரனின் கண்கள் விரிந்தன. நிருஷாவின் எச்சரிக்கை அவன் நினைவில் எச்சரிக்கையாக அல்ல, உபதேசமாகவே எழுந்தது.

“சாப்பிட்டாக் கத்தரிப்பூ நிறம் வந்திரும் எண்டுதானே அந்தப் பிள்ள சொன்னது? அப்ப நாம இவ்வளவு நாளும் சாப்பிடாம இருந்து என்னத்தக் கண்டம்?”

“களவில்லையாடா அது?” என்றார் வேலப்போடி.

“பழம் சாப்பிடுறது எப்ப மாமா களவாச்சு?”

குலை நடு வீட்டில் தூக்கப்பட்டது. அழகரத்தினம் அதன் கீழ் அமர்த்தப்பட்டார். சுபாகரன் காவல் நின்றான். விருந்து முடிந்து பெண்கள் பாத்திரம் கழுவும்போது, மர்சூக்கின் மனைவி கைறுன்னிஸா, “நீங்க இன்னும் சாப்பிடல்லையே மச்சி?” என்று மங்கையற்கரசியிடம் கேட்டார்.

“மறுகாச் சாப்பிடுவன்.”

“இந்தாங்க, ஒரு பழமாவது தின்னுங்க” என்று கைறுன்னிஸா குலைப்பக்கம் கையை நீட்டினார்.

“தொடாதீங்க லாத்தா!” என்று சுபாகரன் குறுக்கே பாய்ந்தான். “ஒவ்வொரு பழமும் தோணிட ஒவ்வொரு பலகை!”

அழகரத்தினம் பலகை பலகையாக விழுங்கினார். அதன் பயனாக இரண்டு நாள் கண்டல் பற்றையை விட்டு அதிக தூரம் போகமுடியாமல் இருந்தார். அவருடைய முறைக்கு மங்கையற்கரசியே வாவிக்கரையில் நின்று நண்டு பொறுக்கினார். ஆயினும் மூன்றாவது போத்தல் குறித்த காலையில் கிணற்றுக் கட்டில் ஏறியது. அதைப் பார்த்து மூவரும் நம்பிக்கையோடு புன்னகை செய்தார்கள்.

கடதாசியில் நிறமே வரவில்லை.

நிருஷா அதை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். நிழலில் பிடித்துப் பார்த்தாள். மஞ்சள்கூட அதில் இருக்க விருப்பமில்லாமல் போய்விட்டதுபோலத் தோன்றியது.

“இப்பிடி ஒரு கவலையை நான் இந்த மாவட்டத்திலயே காணல்ல அங்கிள்” என்றாள் அவள், கலக்கத்தோடு. “மேலிடத்துக்குச் சொல்லப்போறன்.”

“வாழைப்பழம் சாப்பிட்டும்…” என்று தொடங்கிய சுபாகரனின் காலை வேலப்போடி மிதித்தார்.

மேலிடம் உடனே விழித்துக்கொண்டது. வாழையையும் வென்ற துயரம் என்று அதற்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருக்கும். ஆலோசனைக் குழு ஒன்று அழகரத்தினத்தின் வளவுக்கே வந்து, ஊராரை வட்டமாக இருத்தி, மூச்சை இழுக்கவும் விடவும் கற்பித்தது. எல்லாரும் கண்களை மூடிக்கொண்டு அமைதியான ஓர் இடத்தை நினைத்துக்கொண்டார்கள். கண்களைத் திறந்ததும் எல்லாருக்கும் தேநீர் தேவைப்பட்டது. அமைதியான இடத்திலிருந்து வருகிறவர்களுக்கு முறுக்கும் நன்றாக இறங்கும் என்பது அன்று தெரியவந்தது.

அழகரத்தினம் இப்போது முழுநேரக் கவலையாளர். வலை பின்னுவதில்லை, தண்ணீர் அள்ளுவதில்லை, வேலையைக் குறைக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் அறிவுரையல்லவா? சாய்மனைக் கதிரையில் கிடந்து கூரையைப் பார்த்தார். வலையை மங்கையற்கரசி பின்னினார். தண்ணீரையும் அவரே அள்ளினார்.

ஒருநாள் மத்தியானம், மனைவி வைத்த இறால் சொதியை உண்டபடியே அழகரத்தினம் தழுதழுத்தார். “மங்கை, எனக்கு உள்ளுக்க இவ்வளவு கவலை இருந்திரிக்கு. கூட இருந்த உனக்கு ஒருநாளாவது விளங்கல்லையா?”

மங்கையற்கரசி அகப்பையோடு அவர் பக்கம் திரும்பினார்.

“கூட இருக்கிற ஆக்களுக்கு விளங்காதுதான்” என்றார். “இன்னும் கொஞ்சம் சொதி விடவா?”

“விடு.”

நிறுவனத்தின் கடைசிக் கட்டளை வந்தது. கொழும்பிலிருந்து திட்ட ஆலோசகரே நேரில் வருவார். எல்லார் முன்னிலையிலும் கடைசிச் சோதனை நடக்கும். அதிலும் நிறம் வராவிட்டால் தோணி வடகரைக்குப் போய்விடும்.

அந்தச் செய்தி கேட்ட அன்று வேலப்போடி குசினி வாசலில் வந்து குந்தினார். எப்போதும் யாருக்கேனும் நோய் கண்டுபிடிக்கிற அந்த மனிதர் அன்று தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புள்ள மங்கை, இந்த மாரிக்கும் ஒருத்தன் தண்ணியில, ரெண்டு பேர் கரையில எண்டா நாங்க என்ன செய்யிற? என்ட மகள் விதுசாவை இந்த வருசம் படிப்பால மறிச்சிட்டன். சுபாகரன் கொழும்புக்குக் கூலிக்குப் போகப்போறானாம். சிரிச்சுச் சிரிச்சுத் திரியிறான், ஆனா உடுப்பெல்லாம் கட்டி வெச்சிட்டான்.”

மங்கையற்கரசி அரிசியைக் களைந்துகொண்டிருந்தார். கை நின்றது.

“விதுசாவையா மறிச்சீங்க?”

“வேற வழி?”

மங்கையற்கரசி களைந்த நீரை வாழையடியில் ஊற்றிவிட்டுச் சொன்னார்: “தோணி வரும் மாமா. நீங்க போய் வேலையைப் பாருங்க.”

“எப்பிடிப் புள்ள வரும்? அந்த மனிசன்ட மனசு…”

“வரும் எண்டுறன்.”

ஆலோசகர் வெள்ளை வாகனத்தில் வந்தார். சனசமூக நிலையத்துக் கதிரைகள் எல்லாம் அழகரத்தினத்தின் முற்றத்துக்கு வந்திருந்தன. மர்சூக் தம் உறவினரோடு வந்து முன்வரிசையில் இருந்தார். வடகரைக் குழுத் தலைவரும் வந்து, தோணியை ஏற்றிச் செல்லக் கயிறும் கொண்டுவந்திருந்தார். சபை நடுவே ஒரு மேசை. மேசையில் வெள்ளைத் துணி. துணியின் மேல், கோயிலில் கும்பம் வைப்பதுபோல், அந்தப் போத்தல்.

அழகரத்தினம் கண்களை மூடிக்கொண்டார். சுபாகரன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தான். கூத்துப் பாட்டோ தேவாரமோ தெரியவில்லை.

நிருஷா கடதாசியை நனைத்தாள். மஞ்சள். ஊர் மூச்சை இழுத்தது. ஆலோசனைக் குழு கற்பித்தபடி விடத்தான் மறந்துவிட்டது. மஞ்சளின் ஓரத்தில் ஒரு மங்கல் தோன்றியது. மங்கல் செம்மையாயிற்று, செம்மை ஊதாவாயிற்று, கண்முன்னே கடதாசி முழுவதும் பரவி, கத்தரிப்பூவையும் கடந்து நாவற்பழமாய்க் கறுத்தது.

“வந்திட்டுது!” என்று கத்தினான் சுபாகரன். “வந்திட்டுதடா!”

வேலப்போடி அழுதார். மர்சூக் வடகரைத் தலைவரையே கட்டிப்பிடித்துவிட்டு, ஆள் மாறியதை அறிந்து கையை விலக்கினார். அழகரத்தினம் கதிரையிலிருந்து துள்ளி எழுந்தார். அவருடைய கவலை அந்தக் கணத்திலேயே பறந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று தெரியாததுபோலவே எங்கே போனது என்றும் தெரியவில்லை.

ஆலோசகர் எழுந்து உரையாற்றினார். இது மூச்சுப் பயிற்சியின் வெற்றி என்றார். சமூகம் ஒன்றுகூடியதன் வெற்றி என்றார். இந்த மனிதரின் கதையை அடுத்த மாதம் வெளிநாட்டு மாநாடொன்றில் படம் போட்டுக் காட்டப்போவதாகவும் சொன்னார்.

“மூச்சா? அது என்ட கூத்து” என்றான் சுபாகரன்.

“பழி தீந்ததாலதான்” என்றார் வேலப்போடி. “நான் சொன்னனா இல்லையா?”

“என்ட குலைய ஒருத்தரும் சொல்லக் காணல்ல” என்றார் மர்சூக்.

தோணி அழகரத்தினத்தின் குழுவுக்கே என்று ஆலோசகர் கையொப்பமிட்டார். அழகரத்தினம் கடதாசியைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றார். ஒரு பக்கம் கூட்டாளிகள், ஒரு பக்கம் மர்சூக், பின்னால் ஊர். சட்டகத்துக்குள் எல்லாரும் அடங்கும்படி படம்பிடிப்பவர் பின்னே பின்னே போனார்.

நிருஷா கை கழுவுவதற்காகக் கிணற்றடிக்கு வந்தாள். அங்கே மங்கையற்கரசி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“சந்தோசந்தானே அன்ரி? அங்கிளை எவ்வளவு நல்லாப் பாத்தீங்க!”

மங்கையற்கரசி வாளியைச் சாய்த்து அவள் கைக்குத் தண்ணீர் வார்த்தார். பிறகு முன்றானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை, எல்லாரும் படத்தில் இருந்தார்கள்.

“நான் ஒரு பிழை விட்டுட்டன் மகள். இண்டைக்குத் திருத்திப்போட்டன். ஆனா உங்களுக்குச் சொல்லாம விடுறது சரியில்ல.”

“என்ன பிழை அன்ரி?”

“இண்டைக்கு வெச்சதுதான் அவர்ர போத்தல், முதலாவத ஆடு தட்டி ஊத்திப்போட்டுது, தோணி போயிருமெண்ட பயத்தில என்டத நிரப்பி வெச்சன், மறுகா அந்தக் கடதாசி எனக்குக் கவலையெண்டு சரியாச் சொன்னதப் பாத்திட்டு, இன்னொருக்கா ஆராவது அதச் சொல்லக் கேக்கிற ஆசையில மத்த ரெண்டும் என்டதையே வெச்சிட்டன்.”